ஏழு நிமிடக் குதிரைக்காரன்

என் வாழ்நாளில் நான் குதிரை மேல் இருந்தது மொத்தம் ஏழு நிமிடம். அதற்கு முன்பு இரண்டு வருடம் குதிரைச் சவாரியைப் பற்றி நான் பேசினேன். அதற்குப் பின்பு நாற்பது வருடமாக மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வாயால் சொன்ன பொய் என்றால், 'நான் எங்கே அப்படிச் சொன்னேன்?' என்று கேட்டுத் தப்பிவிடலாம். நான் என்னுடைய பொய்யை எழுதி, முத்திரை ஒட்டி, கடல் கடந்து அனுப்பி வைத்தவன். (அனுப்பும்போது மிகவும் கெட்டித்தனமான வேலை என்றுதான் நினைத்தேன்.)

யாழ்ப்பாணத்துத் தீவு ஊரான சுருவிலில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஐயா இறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, அம்மா அதற்கு முன்னமே போய்விட்டா. அக்காதான் என்னை வளர்த்தா. வளர்த்தா என்பதைவிட, நான் ஒவ்வொரு இடமாகப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் சோறு போட்டா என்பதுதான் சரி. மன்னாரில் உப்பு அள்ளினேன். பருத்தித்துறைப் பேக்கரி ஒன்றில் மாப் பிசைந்தேன். கொழும்புச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் தண்ணீர் அள்ளினேன். பிறகு யாரோ ஒருவரைப் பிடித்து, கிரேக்கக் கொடி போட்ட சரக்குக் கப்பலில் ஏறினேன். ஊரில் அதை 'மத்தியதரைக் கடலில் கப்பல் வேலை' என்று சொன்னார்கள். வேலை என்னவோ வெங்காயம் உரிப்பது. பதினொரு மாதம் உரித்தேன்.

அந்தப் பதினொரு மாதத்தில் ஒரே ஒரு நாள், ஒரு சின்னத் தீவில், அரை நாள் தரையில் இறங்க விட்டார்கள். காய்ந்த பூமி, கல் அடுக்கிய வேலிகள், வெள்ளையடித்த வீடுகள். நடந்து போனபோது தோட்டப் பாதையில் ஆறேழு வெள்ளைக்காரர் குதிரைகளில் வந்தார்கள். விடுமுறைக்கு வந்து, குதிரையில் ஊர் சுற்றி, ஊர்ச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஒரு மரத்தடியில் இறங்கி, துணி விரித்து, பாண் ரொட்டியையும் பாற்கட்டியையும் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசி இல்லை. ஆனால் அப்படியொரு மரத்தடிச் சாப்பாட்டுக்கு என்னை யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இருந்தது. அவர்களில் ஒரு அம்மா எழும்பி வந்து, கறுப்பாய் ஒரு பழத்தை என் கையில் வைத்தா. நாவற்பழம் என்று வாயில் போட்டேன். உப்பும் கசப்பும். துப்பினால் மரியாதை இல்லையென்று கொட்டையோடு விழுங்கினேன். அது ஒலிவ் என்று பிறகுதான் தெரியும்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் ஒரு கடையில் படம் போட்ட தபாலட்டை இருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக் குதிரை, மேலே ஓலைத்தொப்பி போட்ட ஒருவர், முதுகு மட்டும் தெரிகிறது, அதில் தொப்பிக் கயிறு தொங்குகிறது. அதை வாங்கி அக்காவுக்கு எழுதினேன்: 'கப்டன் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று நாள் குதிரைச் சவாரி செய்தேன். படத்தில் பின்பக்கம் தெரிவது நான்தான்.'

(கப்டனின் முகத்தை நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் அவர் வெங்காயம் போதாது என்று சொல்ல வந்தார்.)

கப்பல் ஒப்பந்தம் முடிந்ததும் பழையபடி கொழும்புச் சாப்பாட்டுக்கடைக்கே போனேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. கோயில் ஒன்றில் சில நாள் படுத்திருந்து, மற்ற ஆட்களோடு கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினேன். என்னிடம் கட்டியிருந்த சாரமும் ஒரு துவாயும் இருந்தன. சுருவிலுக்குப் போனேன். அக்கா முதல் நாள் அழுதா, இரண்டாம் நாள் கோழி அடித்தா, மூன்றாம் நாள் இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டா. அவவுக்குப் பின்னால் அலுமாரிக் கண்ணாடியில் என் தபாலட்டை செருகியிருந்தது. ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

அடுத்த வருடம் அக்காவும் அத்தானும் எனக்குப் பெண் தேடினார்கள். வேலை இல்லை, படிப்பு இல்லை, ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்த வரலாறு இல்லை. வேலணையில் ஒரு வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, அந்தக் கோப்பைகளை நாங்கள் எழும்ப முதலே எடுத்துப் போய்விட்டார்கள். கடைசியில் அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் நெடுந்தீவில் ஒரு சம்பந்தம் வந்தது. பொன்னுத்துரையர் என்று மாடும் பனங்காணியும் உள்ள மனிதர். ஒரே மகள், பெயர் தவமணி. மாப்பிள்ளை நெடுந்தீவில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. கடலுக்கு நடுவே போய் இருக்க மாட்டோம் என்று ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள்.

அத்தான் அங்கே போய் என்னைப் பற்றிச் சொல்ல வழியில்லாமல் முழித்திருக்கிறார். சொல்வதற்குக் கையில் இருந்த ஒரே நல்ல விஷயம் தபாலட்டை. அதைச் சொல்லியிருக்கிறார்.

நெடுந்தீவைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பறங்கியர் காலத்தில் விட்டுப்போன மட்டக்குதிரைகள் கட்டுப்பாடில்லாமல் வெளியில் திரிகின்றன. மாடு ஆடு மாதிரி ஊருக்குள் வரும், போகும். ஏறுகிறவர் யாரும் இல்லை. அந்த ஊரில் போய் 'எங்கள் மாப்பிள்ளை குதிரைக்காரன்' என்று சொன்னால் என்ன ஆகும்?

பொன்னுத்துரையர் சொன்ன பதிலை அத்தான் அப்படியே வந்து சொன்னார். "மூண்டு தலைமுறையா எங்கட வேலியில வந்து குதிரை முதுகு சொறியுது. ஏறத் தெரிஞ்ச ஒருத்தன் இப்பத்தான் வாறான். கூட்டிக்கொண்டு வாரும், ஒருக்கா ஏறிக் காட்டட்டும். சொந்தக்காரர் எல்லாரையும் கூழுக்குச் சொல்லுறன்."

நான் அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவ சொல்லிவிட்டா. "ராசன், இது சரிவராட்டில் இனி உனக்கெண்டு நான் ஒரு வீட்டுப் படலையும் திறக்க மாட்டன். எனக்கும் வெக்கம் கிடக்கு." நான் வாயை மூடினேன்.

ஆவணி மாதம். கடல் கொஞ்சம் கொதிப்பாக இருந்தது. குறிகட்டுவான் துறையில் நானும் அத்தானும் மோட்டர் வள்ளத்தில் ஏறினோம். பத்து நிமிடத்தில் நான் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள், தம்பிக்குக் கடல் பழக்கமில்லை போல என்று இரங்கினார்கள். பெரிய கப்பலில் இருந்தவர்களுக்குச் சின்ன வள்ளம் ஒத்துவராது என்று அத்தான் விளக்கம் கொடுத்தார். அவர்கள் நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். இறங்கும்போது ஒருவர் மட்டும், அப்ப பெரிய குதிரையில ஏறினவைக்குச் சின்னக் குதிரை ஒத்துவருமோ என்று கேட்டார். செய்தி எங்களுக்கு முன்னமே கரை சேர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியல் பிட்டும் திருக்கைக் குழம்பும் கட்டித் தயிரும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வயிறு முழுக்கக் கடலில் போயிருந்ததால் நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பொன்னுத்துரையருக்கு அது பிடித்தது. பிறகு அத்தான் சேர்ட் பையிலிருந்து தபாலட்டையை எடுத்தார். (கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.)

பொன்னுத்துரையர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி அப்ப நல்ல வெள்ளையாய் இருந்திருக்கிறார் போல."

"குளிர் நாடு, ஐயா. ஆர் போனாலும் வெளுப்பினம்," என்றார் அத்தான்.

அட்டை கைமாறிக் கைமாறித் தவமணியிடம் போனது. அவள் குசினி வாசலில் நின்று அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு பாடப்புத்தகம் படிக்கிற மாதிரி நேரமெடுத்துப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பித் தந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாலு மணிபோல அவள் வளவின் ஓரத்தில் இருந்த கிணற்றடிக்குப் போனாள். வறட்சிக் காலத்தில் குதிரைகளுக்குக் குடிக்க வேறு தண்ணீர் இல்லை. கிணறு உள்ள வீட்டார் அள்ளிக் கற்தொட்டியில் ஊற்றி வைப்பது அந்த ஊர் வழக்கம். அவள் தொட்டியை நிரப்பிவிட்டு, தகர வாளியைத் தொட்டி விளிம்பில் மூன்று தரம் தட்டினாள். டங், டங், டங். வெளியில் எங்கோ தூசி கிளம்பியது. பன்னிரண்டு குதிரைகள் ஓடி வந்து தொட்டியைச் சுற்றி நின்றன.

நான் பக்கத்தில் போனேன். சும்மா நின்றிருக்கலாம். "கிரேக்கத்தில உதுக்கு மணி அடிப்பினம்," என்றேன்.

அவள் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். "அங்கத்தைக் குதிரையளும் தண்ணி குடிக்குமோ?"

"ஓம்."

"நல்லது. நாளைக்கு இதுகளுக்கும் ஒருக்கா ஏறிக் காட்டுங்கோ. பாவம், இதுகள் ஒரு நாடும் பாக்கேல்லை."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு விஷயம் பாரதூரமானது. அதுவரைக்கும் அக்காவுக்காக வந்தவன், பதின்மூன்று வயதுக்குப் பிறகு சொந்தமாக ஒரு பாய் இல்லாதவன், இந்தக் கிணற்றடியில் இந்தப் பெண்ணோடு பகிடி பேசிக்கொண்டு ஆயுசு முழுக்க இருக்கலாம் என்று நினைத்துவிட்டேன். அதற்கு நடுவே ஒரு குதிரை நின்றது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். வளவு வேம்புக்குக் கீழே பாய்கள் விரித்திருந்தன. கிணற்றடிக்குப் பக்கத்தில் கல் வைத்து, பெரிய மண்பானையில் கூழ் கொதித்தது. ஒடியல் மா, நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் ஒன்றாக வேகிற வாசம். கூழ் குடிப்பதற்குப் பனையோலையில் கோலிய பிளாக்கள் ஒரு பக்கம் குவிந்திருந்தன. பனங்காய்ப் பணியாரமும் தயிர்ச்சட்டியும் ஒரு பாயில் இருந்தன. எல்லாரும் கூழுக்கு வந்தவர்கள் என்றாலும், எல்லாருடைய முகமும் என் பக்கம்.

தவமணி வாளியைத் தட்ட, குதிரைகள் வந்தன. அதில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த ஒரு கபில நிறக் குதிரை கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது. பக்கத்து வளவில் மரமேறுகிற சின்னத்தம்பி அண்ணை, கழுத்தில் கயிறு போட்டு அதைப் பிடித்துத் தந்தார். சேணத்துக்குச் சாக்கு இரண்டை மடித்துப் போட்டு, மேலே ஓலைப்பாய்த் துண்டு வைத்துக் கட்டினோம். எல்லாம் சரி. கால் வைக்க ஒன்று வேண்டும். தபாலட்டைக் குதிரையில் கால் வைக்க வளையம் இருந்தது.

சுற்றிப் பார்த்தேன். சின்னத்தம்பி அண்ணையின் இடுப்பில் தளைநார் இரண்டு தொங்கின. பனை ஏறும்போது இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் நார் வளையம் அது. மரத்தில் நிற்கிறவருடைய பாரம் ஏற ஏறக் காலை இறுக்கிப் பிடிக்கும். நான் இரண்டையும் கேட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினேன். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எந்த நாட்டுக் குதிரைக்காரனுக்கும் வந்திருக்காது.

சின்னத்தம்பி அண்ணை தலையைச் சொறிந்தார். "தம்பி, உது ஏறுறதுக்கு. கழட்ட வேணுமெண்டால் நிலத்தில நிண்டுதான் கழட்டலாம்."

"கிரேக்கத்திலயும் இப்பிடித்தான், அண்ணை," என்றேன்.

ஏறினேன். அதாவது, அத்தான் ஒரு பக்கம் தூக்க, மற்றப் பக்கம் விழப்போன என்னைச் சின்னத்தம்பி அண்ணை பிடித்து நிமிர்த்தினார். இரண்டு கால்களும் தளைநாருக்குள் போயின. குதிரை அசையவில்லை. நான் அதன் காதில் 'ஹை' என்றேன். மாட்டுக்குச் சொல்கிற சொல் அது. என்றாலும் அது நடக்கத் தொடங்கியது.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு நிமிடம் என் வாழ்க்கையிலேயே சிறந்த இரண்டு நிமிடம். குதிரை படலையைத் தாண்டி, கல்வேலி ஓரமாக மெல்லப் போனது. கடற்காற்று வந்தது. கல்வேலி, காய்ந்த வெளி, தூரத்தில் நீலக்கடல். எல்லாம் நான் பார்த்த அந்தத் தீவு மாதிரியே இருந்தன. அன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் இப்போது குதிரை மேல். முதுகை நிமிர்த்தி, படத்தில் இருந்தவர் மாதிரி ஒரு கையை இடுப்பில் வைத்தேன். பின்னால் முப்பது பேரும் பார்க்கிறார்கள் என்று தெரியும். பொன்னுத்துரையர் யாரிடமோ, பாத்தியளோ, எப்பிடி இருக்கிறான் எண்டு, என்று சொன்னதும் கேட்டது.

மூன்றாவது நிமிடம் அதன் கூட்டத்துக் குதிரைகள் பக்கத்தால் போயின. என் குதிரைக்குத் தனியாக ஏன் நிற்கிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும். ஓடியது.

சாக்கு ஒரு பக்கம் சரிந்தது. சாக்கோடு நானும் சரிந்தேன். விழுந்தால் போதும் என்று கால்களை உருவினேன். தளைநார் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பாரம் ஏற ஏற இறுக்கியது. மரத்திலிருந்து ஒரு மனிதனையும் விழவிடாத பொருள் என்னையும் விழவிடவில்லை. நான் குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, அதன் பக்கவாட்டில் ஒரு சாக்கு மாதிரி தொங்கிக்கொண்டு மேற்கே போனேன். மேற்கே என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். கடல்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் இராமேஸ்வரம்.

அம்மாளாச்சி, நயினாதீவு அம்மன், கப்பலில் கிரேக்கன் ஒருவன் கும்பிடுகிற படத்தில் இருந்த தாடிக்காரர் என்று எல்லாரையும் கூப்பிட்டேன். கெஞ்சினேன். குதிரையையும் கெஞ்சினேன். அதற்குத் தமிழும் பிடிபடவில்லை.

அப்போதுதான், வெகு தூரத்தில், டங், டங், டங் என்று கேட்டது.

குதிரையின் காதுகள் இரண்டும் பின்னால் திரும்பின. பிறகு குதிரையே திரும்பியது. பன்னிரண்டும் திரும்பின. போன வேகத்தைவிட இருமடங்கு வேகத்தில் வளவை நோக்கி வந்தோம்.

படலை ஒரு குதிரை வரக்கூடிய அகலம். பன்னிரண்டு வந்தன. கல்வேலியில் ஒரு துண்டு சரிந்தது. பாயில் இருந்தவர்கள் வேம்பைச் சுற்றி ஓடினார்கள். பிளாக் குவியலைக் குதிரைகள் மிதித்தன. தயிர்ச்சட்டிக்குள் ஒரு குட்டி காலை வைத்தது. கூழ்ப்பானையை என் குதிரை தொடவில்லை, அதன் பக்கத்தில் தொங்கிய சாக்குத்தான் தொட்டது. பானை மெதுவாக, யோசித்து யோசித்துச் சரிந்து, அரைவாசிக் கூழை மணலில் விட்டது. ஒருவருக்கும் சுடவில்லை. ஒரு நண்டு மட்டும் பொன்னுத்துரையரின் வெள்ளை வேட்டிக்கு மேல் போய் உட்கார்ந்தது.

குதிரை தொட்டிக்கு முன்னால் சடாரென்று நின்றது. நான் நிற்கவில்லை. தலை தொட்டித் தண்ணீருக்குள், கால் இரண்டும் மேலே தளைநாருக்குள். பக்கத்தில் குதிரை ஆறுதலாகத் தண்ணீர் குடித்தது.

தலையைத் தூக்கி மூச்சு வாங்கினேன். சுற்றி முப்பது பேர். அத்தான் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். சின்னத்தம்பி அண்ணை முழந்தாளிட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். வெட்டி விடுங்கோ அண்ணை என்று கெஞ்சினேன்.

"புது நார் தம்பி," என்றார் அவர். "பொறும்."

அவர் அவிழ்த்துக்கொண்டிருக்க, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பொன்னுத்துரையர் வேட்டியில் இருந்த நண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். இனிச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. தொட்டிக்குள் இருந்தபடியே சொன்னேன்.

"ஐயா, நான் குதிரை ஏறினதில்லை. கப்பலில வெங்காயம்தான் உரிச்சனான். குதிரையில போனவையை வேலிக்கு வெளியில நிண்டு பாத்தனான். அவ்வளவுதான்."

அத்தான் கண்ணிலிருந்து கையை எடுத்தார். பிறகு தவமணி சொன்னாள்.

"அது குதிரைக்கே தெரிஞ்சுது. எங்களுக்குத் தெரியாதோ?"

அதோடு முப்பது பேரும் வெடித்தார்கள். சின்னத்தம்பி அண்ணை சிரித்த சிரிப்பில் முடிச்சைக் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பொன்னுத்துரையர் மட்டும் சிரிக்கவில்லை. வந்தவர்களுக்கு மிச்சக் கூழை ஊற்றச் சொல்லிவிட்டு, வேட்டி மாற்ற வீட்டுக்குள் போனார்.

பிளாக்கள் மிதிபட்டுப் போனதால் எல்லாரும் சிரட்டையில் கூழ் குடித்தார்கள். எனக்கும் ஒருவர் தந்தார். அவ்வளவு ருசியான கூழை அதற்கு முன்னும் பின்னும் நான் குடிக்கவில்லை. துக்கத்தில் நாக்குக்கு ருசி கூடும் போல. மரத்தடி, விரிப்பு, ஊர்ச் சாப்பாடு எல்லாம் கிடைத்துவிட்டன. விடுமுறை முடிந்தது, இனிப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிற்பகல் வள்ளத்துக்கு அத்தான் பையைக் கட்டினார். தபாலட்டையை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பையில் வைத்தார்.

நான் ஈரச் சாரத்தோடு கிணற்றடியில் நின்றேன். குதிரைகள் தொட்டியைக் கிட்டத்தட்ட அடிவரைக்கும் குடித்துவிட்டுப் போயிருந்தன. மிச்சத்தை நான் கூழும் மண்ணுமாக அழுக்காக்கியிருந்தேன். தவமணி வந்து வாளியை எனக்கு முன்னால் வைத்தாள்.

"குதிரை ஏறத் தெரியாட்டில் போகட்டும். தண்ணி அள்ளத் தெரியுமோ?"

அந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லத் தேவையில்லை. உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பேக்கரியில் மாவுக்கு அள்ளினேன், சாப்பாட்டுக்கடையில் பத்து வாளிக்கு ஒருதரம்கூட மூச்சு வாங்காமல் அள்ளினேன். தொட்டியைக் கழுவினேன். பிறகு அள்ளத் தொடங்கினேன். கயிறு என் கையில் ஓடிய விதத்தைப் பார்த்து, கூழ்ச் சிரட்டையோடு இருந்த ஒன்றிரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். பொன்னுத்துரையரும் புது வேட்டியோடு வந்து வேம்பில் சாய்ந்துகொண்டு நின்றார். அவர் நின்றது எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை. தொட்டி நிரம்பியது. சரிந்த கல்வேலிப் பக்கம் மாடுகள் குடிக்கிற இன்னொரு தொட்டி இருந்தது. அதையும் நிரப்பினேன். அத்தான் வந்து, நேரமாகுது ராசன், வள்ளம் போகப்போகுது என்றார். இன்னும் பத்து வாளி என்றேன். வள்ளம் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிற எனக்கு, அன்றைக்கு அந்தத் தொட்டியை விட்டுப் போக மனம் வரவில்லை.

பொன்னுத்துரையர் கடைசியில் வாய் திறந்தார். என்னிடம் அல்ல, அத்தானிடம்.

"நீர் போறதெண்டால் போம். அவர் நிக்கட்டும். அந்த வேலியை ஆர் அடுக்கிறது?"

நான் நின்றேன். வேலியை அடுக்க இரண்டு நாள் எடுத்தது. கார்த்திகையில் கலியாணம் நடந்தது.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். அன்றைக்கு நான் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது வாளியைத் தட்டியது யார்? அவள்தான் என்று தெரியும். ஆனாலும் அவள் வாயால், உங்களைக் காப்பாற்றத்தான் தட்டினேன் என்று சொல்லக் கேட்க ஆசை.

"நானெங்க உங்களைக் கூப்பிட்டனான்?" என்றாள் தவமணி. "குதிரையைத்தான் கூப்பிட்டனான். நீங்களும் கூட வந்தீங்கள்."

அதே நாள்தான் இன்னொன்றும் சொன்னாள். தபாலட்டையைப் பார்த்த முதல் நாளே அவளுக்கு எல்லாம் தெரியுமாம். ஓலைத்தொப்பியின் கயிறு என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தது கயிறு அல்ல, பின்னல். படத்தில் குதிரை மேல் இருந்தது ஒரு பெண். பின்னே ஏன் அப்போதே அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இவ்வளவு தூரம் துணிஞ்சு வந்த பொய், எவ்வளவு தூரம் போகுதெண்டு பாப்பமே எண்டுதான்."

(மேற்குக் கடற்கரைவரை போயிருக்கும். அவள்தான் திருப்பினாள்.)

அதன் பிறகு ஆறு வருடம் அந்தக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளினேன். தொண்ணூறில் சண்டை வந்து தீவைவிட்டு வெளிக்கிட்டோம். புங்குடுதீவு, சாவகச்சேரி, கிளிநொச்சி, பிறகு பெயர் தெரியாத காட்டு ஊர்கள் பல. தபாலட்டை எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாது. தகர வாளி மட்டும் அடி ஓட்டையாகும்வரை எங்களோடு வந்தது. போன இடங்களில் எல்லாம் யார் குதிரைக்காரர் என்று கேட்டால் என் பிள்ளைகள் என்னைக் காட்டுவார்கள். ஒரு முகாமில் என் பெயரைத் தெரியாதவர்களுக்கும் கூழ்ப்பானைக் கதை தெரிந்திருந்தது.

இப்போது வவுனியாவில் இருக்கிறோம். பேரப்பிள்ளைகள் வந்தால் முன்றிலில் உட்கார்ந்து நான் ஏதாவது தொடங்குவேன். "நான் அப்ப கிரேக்கத்தில நிக்கேக்குள்ள, கப்டன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு..."

குசினிக்குள் டங், டங், டங் என்று கேட்கும். இப்போது வாளி பிளாஸ்டிக், அது ஒலிக்காது. அதனால் எவர்சில்வர்ச் சட்டியில் அகப்பையால் தட்டுகிறாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்பி உள்ளே போவேன். போனால் எனக்கென்று ஒரு கோப்பை தேத்தண்ணியோ, சில நாளில் கூழோ, ஆற்றி வைத்திருப்பாள்.

அந்தக் குதிரைகள் ஏன் அப்படி ஓடி வந்தன என்று இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது.